பச்சைத் திரைக்குப் பின்னே பேசிய பெண்கள்

போன மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு இளம் நர்ஸ்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். மார்பில் புற்று வந்து சிகிச்சை எடுத்துக்கொண்ட பெண்கள், புதிதாக வரும் பெண்களோடு உட்கார்ந்து பேசுவதற்கென்று அங்கே இப்போது தனி அறையே ஒதுக்கியிருக்கிறார்களாம். ஏசி, மெத்தை நாற்காலி, வாசலில் பெயர்ப்பலகை எல்லாம் உண்டாம். “இதை மொதல்ல ஆரம்பிச்சது நீங்கதான்னு சொல்லுதாங்க. எப்படி ஆரம்பிச்சிய சிஸ்டர்?” என்று கேட்டார்கள்.

ஒரு காபி குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிகிற கதையில்லை. அதனால் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வேலைக்காலத்தில் நடந்த மற்றதைப் பற்றியெல்லாம் அடக்கமாகப் பேசுவேன். இதைப் பற்றிப் பேசும்போது மட்டும் எனக்கு அடக்கம் வராது.

நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எனக்கு. பள்ளிக்கூடம் முடித்தேன், நர்சிங் படித்தேன், நாலைந்து வார்டுகளில் மாறி மாறி வேலை பார்த்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பசியும் தூக்கக் கலக்கமும்தான் ஞாபகம் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பாளையங்கோட்டையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில், பெண்கள் அறுவை சிகிச்சை வார்டுக்கு என்னைப் பொறுப்பு சிஸ்டராகப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அந்த வார்டை விட்டு நான் நகரவில்லை.

எங்கள் தலைமை சர்ஜன் டாக்டர் கைலாசம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனாலும் அவர் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால் தரை துடைக்கிற ஆயா வரைக்கும் முதுகு நிமிர்ந்துவிடும். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு ஸ்டூல் இருக்க வேண்டும். நின்றுகொண்டு நோயாளியோடு பேச மாட்டார். ஸ்டூல் இல்லையென்றால் யாரையும் திட்டமாட்டார். யாராவது ஓடிப்போய் எடுத்து வரும்வரை வாயைத் திறக்காமல் நிற்பார். அதற்குத் திட்டே பரவாயில்லை.

மார்பில் கட்டி என்று வரும் பெண்ணை அவர் சோதிக்கிற முறை இன்றும் ஒவ்வொரு அசைவாக எனக்கு நினைவிருக்கிறது. பச்சைத் துணித் திரையை நாலு பக்கமும் நான் இழுத்துவிட வேண்டும். அந்தப் பெண்ணின் தலைமாட்டில் நிற்க வேண்டும். என் கை அவள் தோளில் இருக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவார். முதலில் கட்டி இல்லாத பக்கம், பிறகுதான் இருக்கிற பக்கம். பார்க்காத பக்கத்தைத் துணியால் மூடியே வைக்க வேண்டும். விரல் நுனியால் குத்த மாட்டார். மூன்று விரல்களையும் தட்டையாக வைத்து வட்டம் வட்டமாகத் தடவிக்கொண்டே போவார். அப்புறம் அக்குள், அப்புறம் கழுத்தெலும்புக்கு மேலே. முடியும்வரை ஒரு வார்த்தை வராது. முடிந்ததும், “சேலையைச் சரிபண்ணிக்கோங்கம்மா, பேசுவோம்” என்று சொல்லிவிட்டுத் திரைக்கு வெளியே போய்விடுவார். துணி விலகிக் கிடக்கிற பெண்ணிடம் எந்த விஷயத்தையும் பேசக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம்.

இவ்வளவு பார்க்கிற மனுஷர் ஒரு விஷயத்தில் மட்டும் அந்தக் காலத்து வழக்கப்படிதான் நடந்தார். பரிசோதனை முடிவில் புற்று என்று தெரிந்தால், புருஷனையோ அண்ணன் தம்பியையோ வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொல்வார். பெண்ணிடம், “கட்டி இருக்கு, எடுத்துரணும்” என்பதோடு சரி. அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மயக்கம் தெளிந்து, நெஞ்சைத் தடவிப் பார்த்த பிறகுதான் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்ட பெண்கள் உண்டு. அவர்கள் முகத்தைப் பார்க்கிற வேலை எங்களுக்கு.

அந்தச் சமயத்தில்தான் மேலப்பாளையத்திலிருந்து ரஹ்மத் பீவி வந்தாள். வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவள். புருஷன் தறி நெய்கிறவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வலது பக்கம் பெரிய கட்டி. அவளிடம் மட்டும் யாராலும் எதையும் மறைக்க முடியவில்லை. வராந்தாவிலிருந்து திரும்பி வந்த புருஷன் முகத்தைப் பார்த்ததுமே, “என்ன, கேன்சரா? வாயத் தொறந்து சொல்லுங்க” என்று கேட்டுவிட்டாள். அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். இவள்தான் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

டாக்டர் மார்பை முழுவதுமாக எடுத்தார். ரஹ்மத்துக்கு இருந்த கவலை வேறு. “சிஸ்டர், இந்தக் கை பழையபடி ஓடுமா? எல வெட்டணும், சுத்தணும்லா” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்குளில் இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுப்பதால் கை தூக்க வராது. பயிற்சி கொடுக்க வேண்டும். சுவரைப் பார்த்து நின்று, பூச்சி ஏறுவதுபோல் விரல்களைப் பைய மேலே ஏற்ற வேண்டும். எட்டின இடத்தில் நான் சாக்பீஸால் கோடு போடுவேன். ரஹ்மத் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, முந்தின நாள் கோட்டைத் தாண்டாமல் கையை இறக்க மாட்டாள். வீட்டுக்குப் போகிற அன்றைக்கு, கையைத் தலைக்கு மேலே தூக்கி முக்காட்டைச் சரிபண்ணிக் காட்டிவிட்டுத்தான் போனாள்.

பழைய நோயாளிகள் வந்து காட்டிவிட்டுப் போகிற நாள் வியாழக்கிழமை. ஒரு வியாழக்கிழமை ரஹ்மத் வந்தபோது ரவிக்கை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. எப்படி என்று கேட்டேன். “பஞ்சு வெச்சுத் தச்சேன். லேசா இருக்கா, அது பாட்டுக்கு ஏறித் தோளுக்கு வந்துட்டு. கனத்துக்குக் கேப்பை வெச்சுப் பார்த்தேன், வண்டு வந்துட்டு. இப்ப பஞ்சுக்கு நடுவுல கடுகு. சொன்னபடி கேக்குது” என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்றைக்குத்தான் அது நடந்தது.

வார்டில் இசக்கியம்மாள் என்று மணிமுத்தாறு பக்கத்துப் பெண் ஒருத்தி. வயல் வேலைக்குப் போகிறவள். மறுநாள் அவளுக்கு அறுவை. காலையில் அவள் கட்டிலுக்குப் போனால், துணிமணியை மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“எங்கம்மா கெளம்பிட்ட?”

“வீட்டுக்கு. கட்டியத்தான எடுக்கணும்னு சொன்னாவ? மாரையே எடுத்துருவாவன்னு பக்கத்துக் கட்டில்காரி சொல்லுதா. நான் மாட்டேன்.”

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வலிக்காது, பயப்படாதே, நானும் பக்கத்தில் இருப்பேன் என்றெல்லாம். அவள் என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தாள். “உங்களுக்கு என்ன சிஸ்டர் தெரியும்? உங்களுக்கு ரெண்டும் இருக்குல்லா.”

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: “எனக்கு ஒண்ணுதான் இருக்கு. என்கிட்ட பேசுதியா?”

ரஹ்மத் தன் முறைக்குக் காத்திருந்தவள், எழுந்து வந்து நிற்கிறாள். நான் சொல்வதற்கு முன் திரையை அவளே இழுத்துவிட்டாள். கட்டிலில் இசக்கியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, ரவிக்கை ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடுகுப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்தாள்.

“பாரு. நல்லாப் பாரு. தொட்டும் பாரு.”

இசக்கியம்மாள் முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டித் தழும்பின் ஓரத்தில் வைத்தாள்.

“வலிக்கா?”

“இங்கன மரத்துப் போச்சு, ஒண்ணும் தெரியாது. அக்குள்ள சில நேரம் சுருக்குன்னு இழுக்கும். கொடத்த இந்தப் பக்கம் தூக்க மாட்டேன், அந்தப் பக்கம்தான்.”

“வீட்ல அவ்வோ என்ன சொன்னாவ?”

“பார்க்க மாட்டேன்னு தலையத் திருப்பிக்கிட்டாவ. நாந்தான் ஒரு நாள் காட்டுனேன். அழுதாவ. அப்புறம் சோறு போடுன்னாவ.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தலைமாட்டில் சும்மா நின்றேன். அப்போதுதான் ரஹ்மத் அந்த வார்த்தையைச் சொன்னாள். “இது வெறும் கட்டியில்ல பிள்ள. கேன்சர். உன்கிட்ட சொல்லாம வெச்சிருக்காவ. விட்டா உள்ள பரவிரும். எடுத்ததாலதான் நான் உன் முன்னால உக்காந்து பேசிட்டிருக்கேன்.”

இசக்கியம்மாள் அழுதது வார்டு முழுக்கக் கேட்டது. ரொம்ப நேரம் அழுதாள். ரஹ்மத் தடுக்கவில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூட்டையை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். “சிஸ்டர், காலைலேருந்து ஒண்ணும் திங்கல. ஏதாவது இருக்கா?” என்றாள்.

சாயங்காலம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சரி, இன்றோடு நம் கதை முடிந்தது என்றுதான் போனேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்து, பிறகுதான் பேசினார்.

“அந்த இசக்கியம்மாளுக்கு விஷயம் தெரிஞ்சுட்டுதாமே?”

“ஆமா டாக்டர். ரஹ்மத் பீவி சொல்லிட்டாங்க. நானும் பக்கத்துலதான் இருந்தேன்.”

“கேட்டுட்டு என்ன செஞ்சாங்க?”

“அழுதாங்க. அப்புறம் சாப்பாடு கேட்டாங்க.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். “அப்ப நாம யாருக்காக மறைச்சிக்கிட்டு இருக்கோம் சிஸ்டர்?”

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. “அவங்க அழுதா நமக்குத் தாங்காதுன்னுதான் டாக்டர்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “வியாழக்கிழமை வர்றப்ப அந்தம்மாவுக்குத் தோதுப்பட்டா வார்டுக்கும் வந்துட்டுப் போகச் சொல்லுங்க” என்றார். அடுத்த நாளிலிருந்து பெண்களிடம் அவரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். புருஷன் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் டாக்டர் பார்ப்பது பெண்ணின் முகத்தைத்தான்.

நோயாளியே நோயாளிக்கு வைத்தியம் சொல்கிறதா என்று மேட்ரன் முணுமுணுத்தார்கள். டாக்டரிடம் போய்க் கேளுங்கள் என்றேன். யாரும் போய்க் கேட்கவில்லை.

இசக்கியம்மாளும் குணமாகி, மணிமுத்தாற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வியாழக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். எங்களுக்குத் தனி அறையெல்லாம் இல்லை. ஓரத்துக் கட்டில், அதைச் சுற்றிப் பச்சைத் திரை. அவ்வளவுதான். உள்ளே பேசுவது பாதி அழுகை, பாதி சிரிப்பு. மருந்து ஏற்றினால் வாந்தி வரும்போது என்ன தின்றால் நிற்கும், முடி கொட்டினால் ஊர்க்காரர்களிடம் என்ன சொல்வது, புருஷன் பக்கத்தில் எப்படிப் படுப்பது என்று எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லித் தராததையெல்லாம் பேசினார்கள்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு நல்ல காரியம் என்ற அளவில் நின்றிருக்கும். அதைச் சோதித்துப் பார்க்க வந்தவர் சங்கரி டீச்சர்.

கல்லிடைக்குறிச்சிக்காரர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுக்கிறவர். சைவக் குடும்பம். கணவர் பரமசிவம் தபால் ஆபீசில் வேலை. அதிர்ந்து பேசாத மனுஷர். டீச்சருக்கு இடது மார்பில் சின்னக் கட்டி, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அவர் சேலையைச் சரிசெய்துகொண்டதும் டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இது புற்றுதாம்மா. ஆனா சின்னதா இருக்கு. அதனால ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மார்பை முழுசா எடுக்கிறது. இன்னொண்ணு, கட்டியையும் அதைச் சுத்திக் கொஞ்சம் சதையையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் மட்டும் எடுத்துட்டு, மிச்ச மார்புக்குக் கதிர்வீச்சு கொடுக்கிறது. உயிருக்கு ரெண்டும் ஒரே அளவுதான் பாதுகாப்புன்னு இப்ப தெரிஞ்சிருக்கு. ஆனா ரெண்டாவது வழியில, வாரக்கணக்கா தினம் கதிர்வீச்சு எடுத்துக்கணும். இங்க அந்த மெஷின் இல்லை, மதுரைக்குப் போகணும். பாதியில விட்டா ஆபத்து. அதோட, மிச்சமிருக்கிற மார்புல திரும்ப வர்றதுக்குக் கொஞ்சம் வாய்ப்பு கூட. அப்படி வந்தா அப்ப எடுக்க வேண்டியிருக்கும்.”

“நீங்க எதைச் செய்யச் சொல்லுதிய டாக்டர்?” என்று டீச்சர் கேட்டார்.

“ரெண்டையும் செய்யத் தயாரா இருக்கேன். யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு வாரத்துல ஒண்ணும் ஆயிடாது.”

பரமசிவம் சார் கையெடுத்துக் கும்பிட்டார். “எனக்கு அவ இருந்தாப் போதும் டாக்டர். மிச்சம் மீதி வெக்காம எல்லாத்தையும் எடுத்துருங்க.” டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அவரைத் திரைக்குள் அனுப்பிவிட்டு நான் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். திரும்பி வருகிறபோது அவர் வெளியே வந்து நிற்கிறார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

“என்ன டீச்சர்?”

“நான் பேசலாம்னு வந்தேன் சிஸ்டர். அவங்க தீர்ப்பே சொல்லிட்டாங்க. எடுத்துப் போடு, இருந்தாத்தான பயம்னு ரெண்டு பேரும் ஒரே வார்த்தை. வீட்லயும் அதே. எனக்கு அதை வெச்சுக்கணும்னு தோணுது. ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. அதுக்குக் காரணம் சொல்லணுமா?”

அவரை உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். ரஹ்மத்தும் இசக்கியம்மாளும் நல்லது செய்த திருப்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சருக்கு இரண்டு வழி இருக்கிறது என்று விளக்கினேன். மார்பை எடுக்காமலே குணமாகலாம் என்றும் சொன்னேன். ரஹ்மத் முகம் மாறியதை நான் இன்றும் மறக்கவில்லை.

“அப்படி ஒரு வழி இருக்கா?” என்றாள். “அப்ப எனக்கு எடுத்தது வீணா சிஸ்டர்?”

அந்தக் கேள்விக்கு ஒரு நர்ஸ் பதில் சொல்லிச் சமாளித்திருக்கலாம். நான் அவள் கையைப் பிடித்து நேரே டாக்டர் அறைக்குக் கூட்டிப்போனேன். “இதை நீங்கதான் இவங்களுக்குச் சொல்லணும் டாக்டர்” என்றேன். ரஹ்மத் நின்றபடியே அதே கேள்வியைக் கேட்டாள். அவர் எழுந்து அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தானும் எதிரே உட்கார்ந்தார்.

“உங்க கட்டி பெருசும்மா. தோலைப் பிடிச்சுட்டுது. உங்களுக்கு அந்த ரெண்டாவது வழி இல்லை. எடுத்தது வீண் இல்ல. எடுக்காம இருந்தா நீங்க இன்னைக்கு இல்லை. ஆனா இதையெல்லாம் அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், உங்ககிட்ட சொல்லல. அது தப்பு.”

ரஹ்மத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி. இப்பச் சொல்லிட்டியள்லா” என்று எழுந்தாள்.

திரும்பி வந்து டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “டீச்சர், நான் சொன்னத விட்டுருங்க. என் கட்டி வேற, உங்க கட்டி வேற. எனக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுதேன், கேக்கியளா?” என்றாள். அன்றிலிருந்து எங்கள் திரைக்குள் அதுதான் சட்டம். என் கதையைச் சொல்லலாம். உன் முடிவை நான் சொல்லக் கூடாது. டாக்டர் போட்ட சட்டமில்லை, நான் போட்டதுமில்லை. பீடி சுற்றுகிற ரஹ்மத் பீவி தன் மனசு நொந்த ஒரு மத்தியானத்தில் போட்டது.

டீச்சர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். டாக்டர் அறுவையை முடித்தார். புண்ணும் சீக்கிரமே ஆறியது. மதுரைதான் பிரச்சினையாக நின்றது. அங்கே அவர்களுக்கு யாரும் இல்லை. சாருக்கு அவ்வளவு நாள் லீவு கிடைக்காது. மகள் பத்தாம் வகுப்பு. சார் திரும்பவும் தடுமாறினார். “இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்” என்று அவர் சொன்னபோது அது கோபமில்லை, பயம் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

ரஹ்மத் சொன்னாள்: “என் தங்கச்சி வீடு மதுரைல ஆஸ்பத்திரிக்குப் பக்கந்தான். மாடில ஒரு ரூம்பு சும்மா கெடக்கு.” சார் டீச்சரைப் பார்த்தார். சைவக் குடும்பம், இது வேறு மாதிரி வீடு. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டீச்சர் யோசிக்கவே இல்லை. “எப்ப போகலாம்?” என்றார்.

அந்தத் தங்கச்சி டீச்சருக்கென்று மாடியில் தனி அடுப்பும் புதுப் பாத்திரமும் வாங்கி வைத்திருந்தாளாம். கொஞ்ச நாளில் டீச்சர் கீழே இறங்கி வந்து அவர்கள் அடுப்பிலேயே ரசம் வைக்கத் தொடங்கிவிட்டாராம். “மீன் கொழம்பு கொதிக்கப்ப மட்டும் மாடிக்கு ஓடிருவேன் சிஸ்டர்” என்று அப்புறம் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் பாதி வழியில் சிரிப்பு நின்றது. கதிர்வீச்சில் தோல் கறுத்து, மார்புக்கு அடியில் உரிந்து, துணி பட்டாலே எரிந்தது. உடம்பில் தெம்பே இல்லை. ஒரு வியாழக்கிழமை மதுரையிலிருந்து போன் வந்தது. “நான் ஊருக்கு வந்துருதேன் சிஸ்டர். எடுக்கச் சொல்லிருங்க. என்னால முடியல.” நான் டாக்டரிடம் ஓடினேன். அவர் மதுரை டாக்டரோடு பேசினார். இது எதிர்பார்த்ததுதான், களிம்பு மாற்றித் தருகிறோம் என்றார்கள். மருத்துவமாக எல்லாம் சரி. டீச்சர் மனசை யார் பார்ப்பது?

போன் பேசுகிறபோது ரஹ்மத் பக்கத்தில்தான் நின்றாள். எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறிவிட்டாள்.

என்ன பேசினாள் என்று டீச்சர்தான் பின்னால் எனக்குச் சொன்னார். “டீச்சர், இது எனக்குத் தெரியாத வலி. நான் பட்டது வேற. சொல்லுததுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. நான் சும்மா பக்கத்துல இருக்கேன். வரணும்னு தோணிச்சின்னா சொல்லுங்க, சேர்ந்து பஸ் ஏறுவோம். இருக்கணும்னு தோணிச்சின்னாலும் சொல்லுங்க.” சொன்னதோடு நிற்கவில்லை. கடைசிக் கதிர்வீச்சு முடியும்வரை அங்கேயே இருந்தாள். காலையில் டீச்சரோடு நடந்து ஆஸ்பத்திரிக்குப் போவாள். அவர் உள்ளே போனதும் வாசலில் உட்கார்ந்து பீடி இலை வெட்டுவாள். டீச்சர் வெளியே வந்ததும் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இளநீர் வாங்கிக் கொடுப்பாள்.

முடித்துவிட்டு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி நேராக வார்டுக்குத்தான் வந்தார்கள். பரமசிவம் சார் அங்கே காத்திருந்தார். ரஹ்மத் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அவள் மேலப்பாளையம் பஸ் ஏறும்வரை அதை அவர் கீழே வைக்கவில்லை.

நான் ஓய்வு பெற்றபோது சங்கரி டீச்சர் நல்ல சுகத்தோடு பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எல்லாரும் அப்படிப் பிழைத்தார்கள் என்று எழுதினால் அது பொய். இசக்கியம்மாளுக்குச் சில வருஷத்தில் முதுகெலும்பில் திரும்ப வந்தது. முடியாத நிலையிலும் இரண்டு முறை தம்பி துணையோடு வந்து, புதிதாக வந்த பெண்களோடு பேசினாள். தனக்குத் திரும்ப வந்திருப்பதை மறைக்கவும் இல்லை. “அன்னைக்கு மூட்டையத் தூக்கிட்டுப் போயிருந்தா என் மவ கல்யாணத்தப் பாத்திருக்க மாட்டேன்” என்று அவள் சொன்னது என் காதிலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். ஒரு புதன்கிழமை டாக்டர் கைலாசம் என் மேஜைக்கு வந்தார். எதுவானாலும் கூப்பிட்டு அனுப்புகிறவர், அன்று தானே வந்து நின்றார்.

“சிஸ்டர், நாளைக்கு ரஹ்மத் பீவியும் சங்கரி டீச்சரும் வருவாங்களா?”

“வருவாங்க டாக்டர்.”

“என் தங்கச்சியைக் கூட்டிட்டு வாரேன். நாங்குநேரியில இருக்கா. பரிசோதனை முடிவு வந்துட்டுது.” பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ரெண்டு வழியும் அவளுக்கு உண்டு. ரெண்டையும் சொல்லிட்டேன். ஆனா நான் எந்தப் பக்கம் பாத்தாலும் அவ அந்தப் பக்கம் தலையாட்டுதா. அதான்.”

மறுநாள் லீவு போட்டுவிட்டு, வேட்டி சட்டையில் தங்கச்சியோடு வந்தார். தங்கச்சி பெயர் வள்ளியம்மை. சங்கரி டீச்சர் அவர்களைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். டாக்டரும் பின்னாலேயே ஒரு அடி வைத்தார். ரஹ்மத் திரையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க வெளிய இருங்க டாக்டர்” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த வார்டில் அவரைப் பார்த்து அப்படி ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

வள்ளியம்மை என்ன முடிவெடுத்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அது அவர்களுடையது. அவர்களே எடுத்தார்கள், அண்ணன் முகத்தைப் பார்க்காமல் எடுத்தார்கள், சுகமானார்கள். அது போதும்.

அன்றைக்கு நான் ஏதோ எடுக்க வராந்தாவுக்கு வந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த டாக்டர் பக்கத்தில் இன்னொரு ஆள் நின்றுகொண்டிருந்தார். கூடங்குளம் பக்கத்துக்காரர். முதல் தடவையாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அவர் மனைவிக்கு அன்று காலையில்தான் வேறொரு டாக்டர் விஷயம் சொல்லியிருந்தார்.

“உள்ள யாரு அண்ணாச்சி, வீட்டுக்காரியா?” என்று அவர் டாக்டரைக் கேட்டார்.

“தங்கச்சி.”

“இதே நோக்காடா?”

“ஆமா.”

“எனக்கு வீட்டுக்காரி. கையும் ஓடல காலும் ஓடல. உங்களுக்குப் பயமா இல்லையா அண்ணாச்சி?”

எத்தனையோ பேருக்கு எத்தனையோ தைரியம் சொன்ன வாய் அது. நான் கதவுப் பக்கத்திலேயே நின்றேன்.

“பயமாத்தான் இருக்கு” என்றார் டாக்டர். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். “இங்கன உக்காருங்க.”

அந்த ஆள் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. ஆயாவிடம் இரண்டு டீ வாங்கி வரச் சொல்லி, இரண்டு பேர் கையிலும் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். என் வேலைக்காலத்தில் அவ்வளவு நிமிர்ந்து அந்த வார்டுக்குள் நான் நடந்ததில்லை.